அண்மைக் காட்சியும் டேவிட் கிரிபித்தும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் புலவர்களுடைய வரலாறும் நாட்டுத் தொண்டர்களுடைய வரலாறும் இடம் பெறுவதே வழக்கம். இம்முறை ஒரு சினிமாக்காரருடைய வாழ்க்கையை எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு விழாவேயாகும். காலனிக் குழந்தைகள் மேடையேறிக் கோலாட்டம் ஆடியபோது பெற்றோர் பலர் செல்பேசியை உயர்த்திப் படம் பிடித்ததை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் மேடை முழுவதும் அடங்குமாறு பிடித்தார். ஒரு தாயாரோ மேடையின் விளிம்புக்கே ஓடித் தம் மகளின் முகத்தை மட்டும் பிடித்தார். ஆட்டம் எப்படி அமைந்தது என்பதைப் பெரியவர் பிடித்த படம் சொல்லும். அந்தச் சிறுமி அடி தவறிவிடுமோ என்று அஞ்சிய அச்சத்தைத் தாயார் பிடித்த படமே சொல்லும். முன்னதைச் சினிமாத் தொழிலில் லாங் ஷாட் என்பர், பின்னதைக் குளோஸ்-அப் என்பர். சேய்மைக் காட்சி, அண்மைக் காட்சி என்று நாம் தமிழில் வழங்கலாம்.

இவ்விரண்டையும் கண்டுபிடித்தவர் டேவிட் வார்க் கிரிபித் என்னும் அமெரிக்கர் என்று பல நூல்களில் எழுதியிருக்கக் காண்கிறோம். அது முழு உண்மை அன்று. ஆயினும் அவரை விட்டுவிட்டு இக்கலையின் கதையைச் சொல்ல முடியாது என்பதும் உண்மையே.

கிரிபித் 1875ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தையார் ஜேகப் கிரிபித், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க எழுந்த தென் மாநிலங்களின் படையில் கர்னலாக இருந்தவர். தோல்வியுற்ற படையின் வீரக் கதைகளைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான். அக்கதைகள் பிற்காலத்தில் விளைத்த கேட்டை உரிய இடத்தில் சொல்வோம். 1885இல் தந்தையார் காலமானார். அவர் விட்டுச் சென்றது பெரும்பாலும் கடனே. குடும்பம் பண்ணையை விட்டு லூயிவில் நகருக்குக் குடிபெயர்ந்தது. அன்னையார் விடுதி நடத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. டேவிட் துணிக்கடையில் வேலை செய்தார், பின்பு புத்தகக் கடையில் குமாஸ்தாவானார். நம்மைப் போன்ற குமாஸ்தா வர்க்கத்தார் இச்செய்தியை ஒரு கணம் நின்று படிப்பது இயல்பே.

அதன் பின் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராக அலைந்தார். புகழ் பெறும் நாளுக்கென்று சொந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, லாரன்ஸ் கிரிபித் என்ற புனைபெயரில் நடித்தார். 1907இல் அவர் எழுதிய நாடகம் ஒன்று மேடையேறி விரைவில் வீழ்ந்தது. வேறு வழியின்றியே சினிமாவின் வாசலை மிதித்தார். அந்நாளில் நாடக நடிகர்கள் சினிமாவில் தலைகாட்டுவதை இழிவாகக் கருதினர். நியூயார்க் நகரில் பதினான்காம் தெருவில் இருந்த பயாகிராப் என்னும் படக் கம்பெனியில் நாள் ஒன்றுக்கு 5 டாலர் கூலிக்கு அவர் நடிக்கலானார். 1908இல் அக்கம்பெனிக்கு ஒரு டைரக்டர் தேவைப்பட்டது. வேலை கிரிபித்துக்கு வந்தது. அவருடைய முதற்படம் அவ்வாண்டு ஜூலை 14ஆம் நாள் வெளிவந்தது. அது தொடங்கி 1913 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 450 குறும்படங்களை அவர் எடுத்துத் தள்ளினார். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடக்கூடியது.

அவர் வருவதற்கு முன் காமிரா எங்கே நின்றது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நாடகக் கொட்டகையில் முதல் வரிசையில் நல்ல இடம் பிடித்து அமர்ந்த கனவானைப் போல் அது அசையாமல் நின்றது. நடிகருக்கும் காமிராவுக்கும் இடையே 12 அடி இருக்கும். உச்சி முதல் பாதம் வரை நடிகர் முழுமையாகத் தெரிய வேண்டும். தலைக்கு மேல் வெற்றிடமும் காலுக்குக் கீழ் தரையும் தெரிய வேண்டும். வேறொரு கம்பெனியார் இத்தொலைவை 9 அடியாகக் குறைத்தபோது நடிகரின் பாதங்கள் படத்துக்கு வெளியே போயின. முழங்கால் அளவில் வெட்டுண்ட அந்த அமைப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கக் காட்சி என்று பெயரிட்டு அழைத்தனர். மூன்றடி முன்னே நகர்ந்ததற்கு ஒரு தேசத்தின் பெயரே கிடைத்துவிட்டது.

அண்மைக் காட்சி அதற்கு முன் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1900ஆம் ஆண்டிலேயே, பாட்டியின் பூதக்கண்ணாடி வழியே பேரன் காணும் பொருள்களைத் திரை நிறையக் காட்டியிருந்தார். அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் 1903இல் எடுத்த ரயில் கொள்ளைப் படத்தில், கொள்ளைக்காரன் ஒருவன் மார்பளவில் தோன்றிப் பார்ப்போரை நோக்கியே சுடுவான். ஆனால் அக்காட்சி கதையோடு ஒட்டாதது. அதைப் படத்தின் தொடக்கத்திலும் காட்டலாம், முடிவிலும் காட்டலாம் என்று விற்பனைப் பட்டியலிலேயே அச்சிட்டிருந்தார்கள். சமையலில் சேராமல் இலை ஓரத்தில் வைத்த ஊறுகாய் போன்றது அது. அதைக் குழம்புக்குள் சேர்த்தவர் கிரிபித்.

அவருக்கு வாய்த்த துணைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்லி பிட்சர் என்னும் காமிராக்காரர் 1896 முதல் அதே கம்பெனியில் இருந்தவர். நம் இலாக்கா அன்பர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1905இல், நியூயார்க் சுரங்க ரயில் திறக்கப்பட்டு ஓராண்டுகூட நிரம்பாத காலத்தில், பிட்சர் ஒரு வண்டியின் முகப்பில் காமிராவைப் பொருத்தி, முன்னே செல்லும் வண்டியைத் தொடர்ந்தவாறே படம் பிடித்தார். இருண்ட சுரங்கத்துக்கு வெளிச்சம் வேண்டுமே! பக்கத்துப் பாதையில் விளக்குகளை ஏற்றிய மற்றொரு வண்டி கூடவே ஓடிற்று. ஒரு படத்துக்கு மூன்று வண்டிகளை ஒத்திசைவாக ஓட்டிய அந்நாளைய கட்டுப்பாட்டு அலுவலரின் பாடு என்னவாயிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1908இல் கிரிபித் எடுத்த ஒரு படத்தில், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய கணவனை மனைவி நினைக்கிறாள். அவள் நினைக்கும் கணத்திலேயே காட்சி தீவுக்குத் தாவுகிறது. மக்களுக்கு இது விளங்காது என்று கம்பெனியார் தயங்கினராம். நாவலாசிரியர் டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுகிறார் என்று கிரிபித் விடை சொன்னதாக அவருடைய மனைவியார் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நடிகரைப் பாதி உடலோடு காட்டியபோது, முழு ஆளுக்குக் கூலி கொடுத்துவிட்டு அரை ஆளைக் காட்டுவதா என்று முதலாளிகள் முணுமுணுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கணக்கு எழுதுகிறவர்களின் கவலை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அவருடைய குறும்படங்களில் நமக்கு மிகவும் உகந்தது 1911இல் வெளிவந்த லோன்டேல் தந்திக்காரி என்னும் படம். கதை சிறியது. ஒரு வழியோர ஸ்டேஷனில் தந்தி அலுவலராக இருக்கும் தகப்பனாருக்கு உடல்நலமில்லை. மகள் அவருடைய இடத்தில் அமர்கிறாள். ரயிலில் ஒரு சம்பளப் பணப் பை வந்து இறங்குகிறது. திருடர் இருவர் அதைக் கண்டுவிடுகின்றனர். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறும் இக்காலத்து இளைஞர்களுக்கு இதன் பதற்றம் விளங்காமல் போகலாம். பே கிளார்க் பணப்பெட்டியோடு ரயிலேறிச் சென்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பட்டுவாடா செய்த காலத்தை அறிந்த ஓய்வுபெற்ற பெரியோர்கள் நம் காலனியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும்.

பெண் கதவைத் தாழிட்டுக்கொண்டு தந்தி அடிக்கிறாள். மறுமுனையில் அலுவலர் உறங்கிக்கொண்டிருக்கிறார்! அவர் விழித்தெழுந்து செய்தியைச் சொல்ல, அவளை விரும்பும் டிரைவர் எஞ்சினை முடுக்குகிறான். இப்போது படம் மூன்று இடங்களுக்கு மாறி மாறித் தாவுகிறது. அறைக்குள் பெண், கதவுக்கு வெளியே திருடர், பாதையில் விரையும் எஞ்சின். ஏறத்தாழ நூறு துண்டுக் காட்சிகள் பதினேழு நிமிடத்துக்குள் அடங்குகின்றன. காலடி எடுத்து வைக்கும் தூரத்தில் ஆபத்து, பல மைலுக்கு அப்பால் உதவி. திரையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பார்ப்பவருக்கு மூச்சுத் திணறுகிறது.

கதவு உடைகிறது. பெண் விளக்கை அணைத்துவிட்டு இருளில் கைத்துப்பாக்கியை நீட்டி நிற்கிறாள். திருடர் அஞ்சி நிற்கின்றனர். உதவி வந்து சேர்கிறது. அப்போதுதான் காமிரா முதன்முறையாக அவளுடைய கைக்கு மிக அருகே செல்கிறது. திரை முழுவதையும் நிறைத்துத் தோன்றுவது துப்பாக்கி அன்று, ஒரு ஸ்பானர்! இத்தனை நேரமும் திருடர் ஏமாந்தனர், நாமும் ஏமாந்தோம். தூரத்தில் வைத்துக் காட்டியதால் ஏமாந்தோம், அருகில் கொண்டுவந்து காட்டியதால் தெளிந்தோம். ஏமாந்த திருடர் தம் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். இப்பெண்ணாக நடித்த பிளான்ச் ஸ்வீட்டுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிரம்பவில்லை.

மறு ஆண்டில் இதே கதையை மாற்றி எடுத்தபோது, திருடர் கையால் இயக்கும் டிராலியில் பணப்பெட்டியோடும் பெண்ணோடும் தப்பி ஓட, எஞ்சின் துரத்துகிறது. அக்காட்சியைப் பாதைக்கு இணையாக ஓடும் மோட்டாரில் காமிராவை வைத்துப் பிடித்தனர். நின்ற இடத்தில் நின்ற கனவான் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டார்.

பயாகிராப் படங்கள் இன்றும் பல பிழைத்திருப்பதற்கு ஒரு பதிவேட்டு விதியும் காரணம். அந்நாளில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் சினிமாவைத் தனி இனமாக ஏற்கவில்லை. ஆகவே சில கம்பெனிகள் படம் முழுவதையும் காகிதச் சுருளில் அச்சிட்டுப் புகைப்படம் என்ற பெயரில் அரசாங்க நூலகத்தில் பதிந்து வைத்தன. பிலிம் எரிந்தும் மக்கியும் போயிற்று, காகிதம் நிலைத்தது. கோப்புகளைக் கட்டிக் காக்கும் நம் தொழிலை ஏளனம் செய்வோர் இதைக் கருத்தில் கொள்க.

1913இல் கிரிபித் கம்பெனியை விட்டு விலகினார். நீண்ட படம் எடுக்க அவர் விரும்பினார், முதலாளிகள் விரும்பவில்லை. விலகியவுடன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்து, அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி, காட்சி மங்கி மறைதல் முதலியவற்றையெல்லாம் தாமே உண்டாக்கியதாக உரிமை கொண்டாடினார். நூல்களில் இன்றும் உலவும் தவறான செய்தியின் ஊற்றுக்கண் இதுவே. திறமைசாலி ஒருவர் தமக்கு உரியதோடு நில்லாமல் பிரைட்டன்காரருக்கு உரியதையும் சேர்த்துக்கொண்டது நமக்கு உவப்பாயில்லை.

பிட்சரும் அவருடன் சென்றார். 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர்களுடைய பெரும் படம் திரையிடப்பட்டது. ஒரு தேசத்தின் பிறப்பு என்பது அதன் பெயர். மூன்று மணி நேரம் ஓடிற்று. ஐந்து சென்ட் கொடுத்துச் சினிமாப் பார்த்த மக்கள் இதற்கு நியூயார்க்கில் இரண்டு டாலர் வரை கொடுத்தனர்.

சட்டமிடும் கலையில், அதாவது படச் சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்னும் கலையில், இப்படம் பாடநூலாகும். போரில் அனைத்தையும் இழந்த வீரன் வீடு திரும்புகிறான். வாசலில் தங்கை வரவேற்கிறாள். பிறகு கதவுக்குள்ளிருந்து ஒரு கரம் நீண்டு அவனை அணைத்து உள்ளே இழுக்கிறது. அது தாயின் கரம். அவள் முகம் காட்டப்படுவதில்லை. வேறு டைரக்டராயிருந்தால் தாயாரை அழவைத்துக் கண்ணீரைக் காட்டியிருப்பார். மற்றோர் இடத்தில், திரை கறுத்திருக்க, ஒரு சிறு வட்டத்துக்குள் குழந்தைகளை அணைத்தவாறு அழும் ஒரு தாய் தெரிகிறாள். வட்டம் விரிய, கீழே பள்ளத்தாக்கில் படையொன்று ஊர்ந்து செல்வது புலப்படுகிறது. அவள் அழுத காரணம் அப்போது விளங்குகிறது. கூசும் ஒளியிலிருந்து லென்சைக் காக்க மாட்டிய மறைப்பினால் ஒருமுறை படத்தின் மூலைகள் கறுத்துப்போக, அந்தக் குறையிலிருந்தே இத்தகைய உத்தி வளர்ந்ததென்று பிட்சர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்வளவு சிறந்த படம் எதற்காகப் பயன்பட்டது? இங்கேதான் நம் எழுதுகோல் தயங்குகிறது. நீக்ரோ மக்களைக் காமுகராகவும் மூடராகவும் காட்டி, அவர்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டத்தை வீரராக உயர்த்திய படம் அது. முக்கியக் கறுப்பர் வேடங்களை முகத்தில் கரி பூசிய வெள்ளையரே ஏற்றனர். லோன்டேல் பெண்ணைக் காக்க எஞ்சின் விரைந்ததே, அதே முறையில், வீட்டுக்குள் அடைபட்டோரைக் காக்க முகமூடிக்காரர் குதிரையில் விரைகின்றனர். அதே தாவல், அதே பதற்றம். பார்ப்பவரின் நெஞ்சு நியாயத்தை ஆராயுமுன் குதிரைகளோடு ஓடிவிடுகிறது. 1909இல் தோன்றிய கறுப்பர் உரிமைச் சங்கத்தார் நகரந்தோறும் எதிர்த்துப் போராடினர். ஓஹியோ, கான்சாஸ் மாநிலங்களில் படம் தடை செய்யப்பட்டது. ஆனால் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வில்சன் முன்னிலையில் அது காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், மறைந்து போயிருந்த கிளான் கூட்டம் ஜார்ஜியாவில் மீண்டும் உயிர் பெற்றது.

கலையை மட்டும் பார், கருத்தை விடு என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. நம்மால் அப்படிப் பார்க்க முடியவில்லை. வேற்று மொழியாரிடையே வாழ்கின்ற நாம், இந்திப் படங்களில் குடுமியும் பட்டை விபூதியும் உளறும் நாக்குமாக வந்து போன மதராசிக் கோமாளியை மறந்துவிடவில்லை. பள்ளியில் நம் பிள்ளைகள் அதனால் கேலிக்கு ஆளானதுண்டு. அது சிறு துன்பம். அங்கே உயிர் போயிற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம். ஆயினும், பிறர் இட்ட சட்டத்துக்குள் நிற்க நேர்ந்தவருக்கே அச்சட்டத்தின் ஓரம் எங்கே உறுத்தும் என்பது தெரியும்.

எதிர்ப்பைக் கண்ட கிரிபித் வருந்தினாரில்லை. தம்மைக் கண்டிப்போரே சகிப்பற்றவர் என்று கருதினார். 1916இல் சகியாமை என்னும் பெயரில் மாபெரும் படமொன்றை எடுத்தார். பாபிலோனின் வீழ்ச்சி, ஏசுநாதரின் பாடுகள், பிரான்சில் 1572இல் நடந்த படுகொலை, அக்காலத்துத் தொழிலாளி ஒருவனின் துயரம் ஆகிய நான்கு கதைகளும் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன. பாபிலோன் அரண்மனைக்கென எழுப்பிய மதில்களைக் காட்ட, தண்டவாளத்தின் மேல் உருளும் உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் ஏறி இறங்கும் மேடையில் காமிராவை வைத்தனர். கோபுரம் முன்னே உருள, மேடை இறங்க, சேய்மைக் காட்சி தானே அண்மைக் காட்சியாக மாறிற்று. மதிலிலிருந்து வீரன் விழும்போது திரையின் இரு பக்கங்களையும் கறுப்பால் மறைத்து, ஒடுங்கி உயர்ந்த சட்டமாக்கினார். செல்பேசியை நெடுக்காகப் பிடிக்கும் நம் இளைஞர்கள் இதை அறிந்தால் மகிழ்வர். கணவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் நீதிமன்றத்தில் மனைவியின் முகத்தைக் காட்டி, அடுத்து, பிசைந்துகொள்ளும் அவளுடைய கைகளை மட்டும் காட்டினார். முடிவில் மன்னிப்புக் கேட்க கவர்னர் செல்லும் ரயிலை ஒரு மோட்டார் துரத்துகிறது. கிரிபித்தின் படத்தில் ரயில் வராமல் இருக்குமா?

மக்கள் குழம்பினர். பணம் போயிற்று. அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டு உழைக்க நேர்ந்தது. ஆனால் ருஷிய நாட்டு இளைஞர்கள் அப்படத்தைப் பாடமாகப் பயின்றனர். ஐசன்ஸ்டைன் தம் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, டிக்கன்சையும் கிரிபித்தையும் ஒப்பிட்டுக் கட்டுரையே எழுதினார்.

1919இல் சாப்ளின், மேரி பிக்போர்ட், பேர்பாங்க்ஸ் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியை நிறுவினார். 1920இல் எடுத்த படத்தில், உடைந்து மிதக்கும் பனிக்கட்டியின் மேல் லில்லியன் கிஷ் மயங்கிக் கிடக்க, அவருடைய கையும் கூந்தலும் உறைநீரில் தோய்ந்து செல்லும். அது உண்மையான ஆறு, உண்மையான பனி. அண்மையில் வைத்துக் காட்டும் காமிராவுக்கு முன் பொய்யாக நடுங்க முடியாது என்பதை அந்த அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

பிறகு சரிவு. பேசும் படம் வந்தது. அவர் எடுத்த கடைசிப் படம் 1931இல் தோல்வியுற்றது. அதன் பின் பதினேழு ஆண்டுகள் உயிரோடிருந்தும் ஒரு படத்தைத் தம் பெயரில் எடுக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1936இல் அகாடமியார் சிறப்புப் பரிசு தந்தனர். வேலை தருவாரில்லை. பிட்சர் 1944இல் வறுமையில் மறைந்தார். கிரிபித், ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் அறையில் தனியே வாழ்ந்து, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, 1948ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் காலமானார். உடலைக் கென்டக்கிக்குக் கொண்டுசென்று, பிறந்த மண்ணுக்கு அருகே அடக்கம் செய்தனர்.

அமெரிக்க டைரக்டர்கள் சங்கம் 1953 முதல் தன் உயர்ந்த பரிசுக்கு அவர் பெயரைச் சூட்டி வழங்கி வந்தது. 1999இல் அச்சங்கத்தின் குழுவினர் கூடி, இனவெறியைப் பரப்பிய படத்தை எடுத்தவர் என்னும் காரணத்தால் அப்பெயரை நீக்கினர். நீக்கியது சரியே என்பது நம் கருத்து. அவர் பெயரைத் தாங்கிய பரிசை முன்பே பெற்றுவிட்டவர்களில் பலர், அவரிடம் கற்ற தொழிலையே செய்து அதைப் பெற்றவர்கள்.

லோன்டேல் படத்தை நம் வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். ஓசையில்லாப் படம் என்றதும் முகம் சுளித்தார்கள். கதவு உடையும் இடத்தில் இளையவன் எழுந்து நின்றுவிட்டான். ஸ்பானர் தெரிந்ததும் மீண்டும் முதலிலிருந்து போடச் சொன்னார்கள், அவள் அதை எப்போது கையில் எடுத்தாள் என்று பார்ப்பதற்காக.